பிசினஸ் என்ற கெட்ட வார்த்தை

ஜூலை 7, திங்கள்
எங்கள் கலைக் கல்லூரியிலும் பி.ஏ. பிள்ளைகளுக்கு பிசினஸ் பாடம் வைக்கப்போகிறார்களாம். எடுக்க வேண்டியது, சரித்திரம் சொல்லித்தரும் நான். காரணம்? பிரின்சிபால் சொன்னார்: "பாகீரதி-தி, நீங்கள் சௌத் இண்டியன். கணக்கு உங்கள் ரத்தத்திலேயே இருக்கும்."

ஹையர் செகண்டரியில் கணக்கில் நான் வாங்கியது முப்பத்தெட்டு. ரத்தம் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

மறுத்துவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தத்துவத்துறை சட்டர்ஜி-தா (இங்கே அக்கா என்றால் 'தி', அண்ணா என்றால் 'தா') டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "சரஸ்வதி பூஜை நடக்கும் ஹாலில் பேப்ஷாவா?" பேப்ஷா என்றால் வங்காளியில் வியாபாரம். செருப்பில் எதையோ மிதித்துவிட்ட மாதிரி சொன்னார்.

"எடுக்கிறேன்" என்றேன்.

ஜூலை 8
டெபிட் இடப்பக்கமா, வலப்பக்கமா?

ஜூலை 18, வெள்ளி
இருபத்தைந்தாம் தேதிக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் பாடம் ரத்து. இதுவரை ஒன்பது. "மளிகைக்கடை வைக்க ஆசைப்படுகிறவர்கள் போகலாம்" என்று சட்டர்ஜி-தா வகுப்பில் சொன்னாராம். ஆபீஸ் அமலா சொன்னாள். அவள் சொல்வதில் பாதியாவது நிஜமாக இருக்கும்.

மளிகைக்கடையா? சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி
பதினாலு. ஒன்று குறைகிறது.

பிரின்சிபால் இறங்கி வந்தார். தலைப்பில் பிசினஸை எடுத்துவிட்டு 'வணிகப் பண்பாடு' என்று வைத்தால் சட்டர்ஜி-தா எதிர்க்கமாட்டார், பதினாலே போதும். வாங்குவதும் விற்பதும் மூடி மறைக்கவேண்டிய காரியமா? முடியாது என்று எழுந்தேன். இழுக்கவேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றதில் கம்பீரம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

வீட்டில் என் கணவர் ராகவேந்திரன், "பேரை மாத்தினா என்ன குறைஞ்சுடப் போறது?" என்றார்.

"நாளைலேர்ந்து உங்களை ரகுபதின்னு கூப்பிடட்டுமா?"

"நன்னாத்தானே இருக்கு."

இப்படி ஒரு பக்கபலம்.

ஆகஸ்ட் 2, சனி
பாடம் ரத்து. அறை கிடையாது, மார்க் கிடையாது. ஆனாலும் பதினாலு பேரும் லேக் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். வகுப்பு, திருவேங்கடத்தின் காப்பிப்பொடிக் கடை வாசலில்.

"ஏன் இன்னொரு கடை திறக்கலை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்தக் கடைக்கே நான் ஒருத்தன்தானேம்மா" என்றார், சுத்தமான வங்காளியில்.

அப்போது துணிப்பையோடு சட்டர்ஜி-தா. பல வருஷ வாடிக்கையாம். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். பின்னால் காய்கறி வண்டி வழியை மறித்தது. நின்றுவிட்டார்.

திருவேங்கடம் சொல்லிக்கொண்டிருந்தார்: விவரம் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அவர்கள் சொன்னபடி அரைப்பார், சும்மா 'பொடி' என்றால் முப்பது சதவீதம் சிக்கரி.

"எனக்கு?" என்றார் சட்டர்ஜி-தா.

"இருபது வருஷமா முப்பதுதான், ஸார். நீங்க கேக்கவே இல்லியே."

தத்துவப் பேராசிரியர். கேட்கவே இல்லை.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், நான் அடக்கவில்லை. அவர் பையைக் கீழே வைத்தார். "சரி, லாபம் எதில் ஜாஸ்தி? காப்பியிலா, சிக்கரியிலா?"

முடியும்வரை நின்றார். வருகைப் பட்டியலில் பதினைந்தாவதாக அவர் பெயரை எழுதிக்கொண்டேன். மேலே தலைப்பு: பிசினஸ்.