பாதுகாவலர் பட்டியலில் இருக்கும் மாணவர்

அனுப்புநர்:
மாலை வகுப்பு மாணவர், வரிசை எண் 17,
முதுகலைப் புவியியல், இரண்டாம் ஆண்டு
(வயது 71, வானிலை நிலையத்தில் மழை அளவு பதியும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்).

பெறுநர்:
பதிவாளர் அவர்கள், கல்லூரி நிர்வாக அலுவலகம்.

பொருள்: மாணவர்களுக்குரிய இலவச மென்பொருள் எனக்குக் கிடைக்காமை – பதிவைத் திருத்தித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ என்ற தயக்கத்துடனேயே எழுதுகிறேன். முதல் தவறு என்னுடையது.

2. சேர்க்கைப் படிவத்தில் ‘எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது’ என்று அச்சிட்டிருந்தது. இந்த வயதில் பாதுகாவலர் என்று குறிப்பிட எனக்கு யாரும் இல்லாததால், அந்தக் கட்டத்திலும் என் பெயரையே எழுதினேன். கணினியில் ஏற்றியவர் என் வயதைப் பார்த்து என்னைப் பாதுகாவலர் பட்டியலில் சேர்த்துவிட்டார். மாணவர் மின்னஞ்சல் முகவரி எனக்கு வரவில்லை. அது இருந்தால்தான் ஆய்வேடு தட்டச்சு செய்யும் மென்பொருள் இலவசம். சலுகை விலைக்கும் அதே நிபந்தனை.

3. இதற்காக நான்கு முறை தங்கள் அலுவலகம் வந்தேன். நான்கு முறையும் மூன்றாம் சாளரத்தில், “பெரியவரே, நீங்க வந்தா ஆகாது. படிக்கிற பிள்ளைய நேர்ல வரச் சொல்லுங்க” என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி படுக்கையில் இருந்தபடியே சிரித்தாள். “அதுக்கென்ன, அடுத்த தடவை உங்களையே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

4. வேறு வழியின்றி முப்பது நாள் சோதனைப் பதிப்பில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தேன். கடந்த மாதம் ஒன்பதாம் தேதி அது காலாவதியானது. அன்று முதல் கோப்பைப் படிக்கலாம். ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. வேறு மென்பொருளில் திறந்தால் மழை அட்டவணைகள் சிதறிப்போகின்றன. முழு விலை கொடுக்க, மருத்துவச் செலவுக்குப் பின் என்னிடம் வழியில்லை.

5. அட்டவணைகளில் பிழை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். திருத்த வேண்டியது முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல். ‘என் படிப்புக்குத் துணையாக இருக்கும் மனைவிக்கு’ என்று காணிக்கை எழுதியிருந்தேன். கடந்த மாதம் இருபத்தேழாம் தேதி அவள் காலமானாள். ‘இருக்கும்’ என்பது ‘இருந்த’ என்று மாற வேண்டும். நாள்தோறும் கோப்பைத் திறந்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைக்கிறேன். திரை மறுக்கிறது.

6. ஆய்வேட்டை ஒரே கணினிக் கோப்பாகச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் நாளை மறுநாள். பொய்யான வரியுடன் கொடுக்க மனம் வரவில்லை. கொடுக்காமல் விட்டால், முடித்துக் காட்டுவேன் என்று அவளிடம் சொன்ன சொல் பொய்யாகிறது. இந்த மனுவும் மூன்றாம் சாளரத்துக்கே திரும்பிவிடும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும், என் பெயரை மாணவர் பட்டியலுக்கு மாற்றி, ஒரே ஒரு நாளுக்காவது அந்த முகவரியைத் தந்துதவுமாறு மன்றாடுகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு நாள் போதும்.

படிக்கிற பிள்ளை நேரில் வந்து, வெளி வராந்தா பெஞ்சில் காத்திருக்கிறேன்.

நாள்: பதினெட்டாம் தேதி, காலை 10.20
இடம்: நிர்வாக அலுவலக வராந்தா

பணிவுடன்,
(கையொப்பம்)
மாணவர், வரிசை எண் 17

இணைப்பு: சேர்க்கைப் படிவ நகல் – 1