டப்பாவுக்குள் போன பேச்சு

நேற்று தி.நகரில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி மாற்றக் கொடுத்த போன் எப்போது கைக்கு வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் சால்டரிங் அயர்னைப் பேஸ்ட்டில் தொட்டு ஈயத்தில் வைத்தார். அந்தப் புகை வந்ததும் மந்தைவெளியில் உன் வீட்டுப் பின்னறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுந்து வெளியே வந்தேன். வெளியே கூட்டம், நிற்கவும் இடமில்லை, நடக்கவும் இடமில்லை. இந்த வயதில் தி.நகருக்கு வருகிறவனுக்குப் புத்தி கிடையாது என்று நீ சொல்லியிருப்பாய். சரிதான்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நேராகச் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும், அப்புறம் உன்னோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

வீட்டிலிருந்தே வானலையில் ஊரூராகப் பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கின காலத்தில் நாம் இருவரும் கிண்டியில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நீ கணக்குப் பிரிவு, நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பிரிவு. கடையில் வாங்கின செட்டில் பேசுவது ஹோட்டலில் சாப்பிடுகிற மாதிரி, நாமே கட்டினால்தான் வீட்டுச் சாப்பாடு என்பாய். நாமும் சமைத்தோம். பெரும்பாலும் தீய்ந்துதான் போயிற்று.

ஆன்டெனா கேபிளின் முனையில் கனெக்டரை வைத்து ஈயம் பற்றவைக்கும் முன்னால், அதன் மூடியைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். பிறகு கோக்க வழியே இல்லை. இவ்வளவுதான் சங்கதி, சின்னப் பிள்ளைக்கும் புரியும். நமக்கு மட்டும் புரியவில்லை. வேலையை முடித்து, ஊதி ஆறவைத்து, அழகு பார்த்து நிமிர்ந்தால் மூடி மேசைமேல் கிடக்கும். மறுபடி எல்லாவற்றையும் உருக்கிப் பிரிக்க வேண்டும். உன் வீட்டு மாமிக்கு ரேடியோவில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் சால்டரிங் அயர்ன் சூடாகும் வாசனை எட்டியதுமே சமையலறையிலிருந்து குரல் வரும்: "மூடி கோத்தேளா?" பாதி நாள் கோத்திருக்க மாட்டோம். "கோத்தாச்சு" என்று நீ கூசாமல் பதில் சொல்லிவிட்டு அவசரமாகக் கோப்பாய்.

செட்டின் முன்பக்கத் தகட்டுக்குப் பின்பக்கமாக அளவு குறித்துத் துளை போட்டோமே, அது இன்னொரு கூத்து. திருப்பிப் பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறியிருந்தது. வேறு தகடு வாங்கலாம் என்றேன். "எதுக்குடா? நாம மாறிண்டாப் போறது" என்றாய். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் இடது கையால்தான் ஸ்டேஷன் பிடித்தோம்.

இப்படி அசடு வழிந்த நாமும் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தோம். அழைக்காமல் அடுத்தவன் செட்டில் கை வைக்கக் கூடாது. காதில் விழாததை விழுந்தது என்று சொல்லக் கூடாது. நல்ல ஹாம்கள் எல்லோருக்கும் பழக்கம்தான் அது. ஆனால் நமக்கு அது கோவிலில் செருப்பைக் கழற்றுவதுபோல ஆகிவிட்டது.

பிறகு உன் தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று. குரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீ போனில் தட்டெழுதி நீட்டினாய்: "வாய் போனா என்ன, விரல் இருக்கே. மோர்ஸ் அடிக்கலாம்டா." மோர்ஸுக்கு விரல்தான் வேண்டும், குட்டையாகவும் நீளமாகவும் தட்டினால் எழுத்தாகிவிடும். எனக்குத் தெம்பு வந்தது. வீடு திரும்பியதும் அதற்கென்றே சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்ட ஆரம்பித்தாய். முடித்துவிட்டேன், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் காத்திரு என்று செய்தி அனுப்பினாய்.

காத்திருந்தேன். நங்கநல்லூரில் என் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரிலுள்ள எல்.இ.டி. பல்புகள் வானலையில் கிளப்புகிற இரைச்சல் கேட்டது. கொழும்பிலிருந்து ஒருவர் அடிப்பது கேட்டது. நீ மட்டும் கேட்கவில்லை. "கேட்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும்.

"மீட்டர்ல முள் நன்னா ஆடறது, பவர் போறது. உன் காதுதான் போச்சு" என்று எழுதினாய். எனக்கே சந்தேகம் வந்து, அடையாறில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்து, இந்த வயதுக்கு இது நல்ல காது என்றார். அந்தச் சீட்டைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். "அப்போ உன் ரிசீவர் போச்சு" என்றாய். போடா என்றேன். சிரித்தோம், கொஞ்ச நாளைக்கு.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீ டிரான்சிஸ்டரை மாற்றினாய், காயிலின் கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினாய். உடம்பு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தது. நான் வரட்டுமா என்று கேட்டதற்கு, "வராதே. நானே கண்டுபிடிக்கறேன்" என்றாய். அழைக்காத செட்டில் எப்படிக் கை வைப்பது? ஒரு நாள், "இன்னிக்கு?" என்று மட்டும் கேட்டாய். "கேட்கவில்லை" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்லியிருந்தாலும் நீ விட்டிருக்க மாட்டாய், எந்த எழுத்தை அடித்தேன் சொல் பார்க்கலாம் என்று மடக்கியிருப்பாய். இருந்தாலும் உனக்கு நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான் என்பது என்னைச் சோர்ந்துபோகச் செய்துவிட்டது. படுத்தால் தூக்கம் வருகிறது, எழுந்தால் களைப்பு போகவில்லை.

போன மாதம் மாமி கூப்பிட்டாள். "ஆத்தை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டப் போறா. நான் பொண்ணாத்துக்குப் போறேன். அவர் மேஜையை மட்டும் நீங்க வந்து பாத்துடுங்கோ. காயலான் கடையில போட மனசு வரலை."

போனேன். காபி கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றபடியே மாமி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்கோ. கடைசியில அவருக்குக் கை மறந்துபோச்சா? அது ஒண்ணும் சரியா வரலைங்கற ஏக்கத்துலதான் போயிட்டார். அவருக்குக் கட்ட வரலையா, இல்ல வேற ஏதாவதா? அது தெரிஞ்சாப் போறும் எனக்கு."

"பாத்துச் சொல்றேன் மாமி" என்றேன். சொல்லும்போதே பயம். கை நடுங்கிக் கண்டபடி கட்டியிருந்தால் என்ன சொல்வது? நான் எந்தக் காலத்தில் மாமியிடம் பொய் சொல்லித் தப்பித்திருக்கிறேன்?

இதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு உன் செட்டைத் திறந்தேன். ஒவ்வொரு ஈயப் பற்றும் பளபளவென்று இருந்தது. கம்பிகள் படிய வாரின தலைபோல வரிசையாகப் போயின. உடம்பு நன்றாக இருந்த நாளில்கூட நீ இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியதில்லை. தப்பு எங்கேயும் இல்லை.

பக்கத்தில் சிக்னலை வழி மாற்றிவிடுகிற ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் சிக்னல் மாடியிலுள்ள ஆன்டெனாவுக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் எண்ணெய் நிரப்பின பெயின்ட் டப்பாவுக்குள் போகும். சோதித்துப் பார்க்கும்போது வெளியே யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்க அந்த ஏற்பாடு. டப்பாவுக்குள் போன சிக்னல் எண்ணெயைச் சூடாக்கிவிட்டு அதோடு முடிந்துபோகும். குமிழைப் பிடித்துத் திருப்பினேன். அதன் திருகில் புதிதாகக் கீறல் தெரிந்தது, சந்தேகம் வந்து, திருகைத் தளர்த்திக் கழற்றிப் பார்த்தேன்.

தலைகீழாக மாட்டியிருந்தாய். எப்போதோ கழன்றிருக்கிறது, நீ எடுத்து எதிர்ப்பக்கமாகச் செருகி இறுக்கியிருக்கிறாய். குமிழ்மேல் உள்ள கோடு ஆன்டெனாவைக் காட்டியது, உள்ளே எல்லாம் டப்பாவுக்குப் போனது. டப்பாவுக்குப் போனாலும் மீட்டரில் முள் ஆடும். ரிசீவருக்கு ஜன்னல் வழியாகத் தனிக் கம்பி விட்டிருந்ததால் உனக்கு ஊரே கேட்டிருக்கும். சந்தேகப்பட உனக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் அழ ஆரம்பித்துவிட்டேன். மாமி ஓடிவந்தாள். குமிழைக் காட்டி விளக்கினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ இத்தனை நாளும் இந்த டப்பாவோடயா பேசிண்டிருந்தார்?"

"ஆமா மாமி."

"சாயங்காலம் மேஜையைத் துடைக்க வந்தா அது வெதுவெதுன்னு இருக்கும். நான் என்னத்தைக் கண்டேன்" என்றாள்.

குமிழைச் சரியாக மாட்டினேன். மோர்ஸ் தட்டுகிற உன் கட்டையில் கை வைத்து, என் அழைப்புக்குறியை அடித்து யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். மூன்றாவது தடவை ஹூப்ளியிலிருந்து ஒருவர் பதில் அடித்தார். அவரை எனக்குத் தெரியாது. நிதானமாக, தெளிவாக அடித்தார்.

"என்ன சொல்றார்?"

"நல்லா கேக்குதாம் மாமி. சத்தம் சுத்தமா இருக்காம்."

"இன்னொரு தரம் கேளுங்கோ."

கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். மாமி இன்னொரு தரம் என்றாள். மறுபடியும் கேட்டேன். இந்தக் கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார், பாவம், அலுக்காமல் அதையே அடித்தார். பிறகு எந்த செட் என்று விசாரித்தார். நண்பன் கட்டியது என்று அடித்தேன். கட்டியவருக்கு நல்ல கை என்று சொல்லுங்கள் என்றார்.

அதையும் மாமியிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

உன் செட் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் அதன் முன்னால் உட்காருகிறேன், அதிகம் யாரோடும் பேசுவதில்லை. நம் ஹாம் கூட்டத்தில் இதைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், நல்லவிதமாகத்தான் சிரித்தார்கள். ஆனால் எனக்கு உன்னை எதிரில் உட்காரவைத்து, அட மடையா, குமிழைத் தலைகீழாக மாட்டிவிட்டு என்னைக் காது டாக்டரிடம் அனுப்பினாயே என்று ஒரு பாட்டம் திட்ட வேண்டும். வேறு யாரிடமும் அந்தத் திட்டைத் திட்ட முடியாது. தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.