கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புடவை

என் தங்கமான சிஸ்டரம்மா,

அங்கேயும் அஞ்சு மணிக்கே எழுந்து எல்லாரையும் எழுப்பிவிடுகிறீர்களா? பாவம் அந்த மோட்சத்துச் சம்மனசுகள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் ஆஸ்பத்திரிக்கு ஜூபிலி. விழா மலர் அச்சடிக்கிறார்கள். "ராசாத்தி, சிஸ்டரைப் பத்தி நீயும் ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று புது மதர் சொல்லிவிட்டார். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எழுத வராமல் இல்லை. எழுத வேண்டிய விஷயம் அப்படி.

நம் ஆஸ்பத்திரிக் கதை கடலூரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று சிஸ்டர்கள் வந்து, ஓலைக் கொட்டகையில் ரெண்டு கட்டில் போட்டு ஆரம்பித்தது. முதல் பிரசவத்துக்கு வந்தவளிடம் மாற்றுத் துணிகூட இல்லை. அந்த மூவரில் பெரிய சிஸ்டர் தன் புடவையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினாராம். அன்று பிடித்த வழக்கம். சிஸ்டர்மார் புடவை பழசாகிச் சலவை அறைக்கு வந்தால், ஆறு துண்டாகக் கிழித்து ஓரம் தைத்து வைப்பேன். இங்கே பிறக்கிற பிள்ளைக்கு முதல் துணி அதுதான்.

சுனாமி வந்த அன்று, எங்கள் தேவனாம்பட்டினத்து ஜனம் நம் வராந்தாவில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது. உங்கள் பெட்டியைத் திறந்து, இருந்த புடவையை எல்லாம் கிழித்துவிட்டீர்கள். அப்புறம் ஒரு மாதம் கட்டியிருந்த அந்த ஒரே புடவைதான். "என்னா சிஸ்டரம்மா, கல்யாணப் பொடவையா? கழட்ட மனசே வரலியா?" என்று கேட்டேன். "வாயாடி, நீ சீக்கிரமா காய வெச்சா நான் ஏன் ஈரத்தோட கட்டுறேன்?" என்றீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள் கண்ணை மூடியதும் உங்கள் புடவை என்னிடம் வந்தது. ரெண்டே ரெண்டு. துவைத்தேன், காயவைத்தேன், கிழித்தேன். பன்னிரண்டு துண்டு. வேறென்ன செய்வேன்? அழுதுகொண்டே கிழித்தேன், அது வேறு.

மூன்றாம் நாள் மதர் வந்து நிற்கிறார். "சிஸ்டரோட பொடவ எங்க ராசாத்தி? வரலாற்று அறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கப் போறோம்." ஊரையே கிண்டல் பண்ணுகிற என் வாயிலிருந்து அன்றைக்குப் பொய்தான் வந்தது. "காயுது மதர்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகென்ன, சிதம்பரம் பஸ் ஏறினேன். நீங்கள் வாங்குகிற அதே கடை, அதே சாம்பல் நிறம். மதரிடம் சாக்குச் சொல்லிக்கொண்டே பத்து நாள் சோடா போட்டுத் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் போட்டு அதற்கு வயசாக்கினேன். முந்தானையைக் கல்லில் தேய்த்துக் கிழித்து, நானே தைத்தேன். மதர் அந்தத் தையலைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ எளிமையா வாழ்ந்திருக்காங்க!" என்று கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஜனங்கள் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். திருவந்திபுரத்திலிருந்து ஒருத்தி வந்து பிள்ளை வரம் கேட்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து அதைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போகிறார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு வேலைதான் தெரியும். சொல்லாவிட்டால்? என் தையல் மேல் தீர்த்தம் தெளிப்பார்களே, அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்?

போன வாரம் தேவனாம்பட்டினம் போனேன். கரையில் என் அண்ணன் மகள் மீன்கூடையை எதைப் போட்டு மூடியிருந்தாள் தெரியுமா? அவள் பிள்ளைக்கு நான் கொடுத்த உங்கள் புடவைத் துண்டு!

"அடியே, அது யாரு பொடவ தெரியுமா?"

"தெரியும் அத்த, சிஸ்டரம்மாவுது. புள்ளைக்கு மூணு மாசம் போத்துனேன். இப்ப வஞ்சிரத்துக்கு வெயில் படாம இருக்கு. அவுங்க கோச்சுக்குவாங்களா?"

கோபித்துக்கொள்வீர்களா? மீன் என்ன விலை என்றுதான் கேட்டிருப்பீர்கள். அந்தக் கூடைக்குப் பக்கத்திலேயே ஈ விரட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் காகிதத்தை இப்போது மதர் கையில் கொடுக்கப் போகிறேன். மலரில் போடுவதா, என்னைப் படி இறக்குவதா, அவர் பாடு. மதர், இதுவரை படித்துவிட்டீர்களா? மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தத் தையல் நன்றாகத்தானே இருந்தது?

சிஸ்டரம்மா, உங்களுக்கு ஒரு சத்தியம். வேலை இருந்தாலும் போனாலும், அந்தப் பெட்டிச் சாவியை வாங்காமல் நகர மாட்டேன். பத்து நாள் துவைத்ததில் புடவை வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. பிரசவ வார்டில் இன்று மூன்று பேர் வலியோடு படுத்திருக்கிறார்கள். அலமாரியில் ஒரே துண்டுதான் பாக்கி. கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போகிறேன்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
சலவை அறை ராசாத்தி