சுக்குக்கும் அவருக்கும் ஒரே மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

சுக்கு இன்றும் காலைத் தூக்கித் தூக்கி நின்றது. சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கிழட்டு நாய், வலியைக்கூடச் சத்தமில்லாமல் பொறுத்துக்கொள்கிறது. ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அடைப்பை நீக்கிவிட்டு பிரசோசின் என்று ஒரு மாத்திரை எழுதினார்.

பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. இதைத்தானே என் வீட்டுக்காரரும் கெட்ட கனவுக்காகப் போடுகிறார்? டாக்டரையே கேட்டேன்.

"அதே மாத்திரதாம்மா. இறுக்கிப் புடிச்சிருக்கிறத விடச் சொல்லும், மூத்திரப் பாதைய, ரத்தக் குழாய. சில பேருக்குப் பயத்தையும். பிரஷர் எறங்கும், தள்ளாடும். படி ஏற உடாதீங்க."

ஜூன் 4

வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார். "இன்னாடா சுக்கு, நீயும் நம்ம செட்டா?" பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

மின்சார ரயில் ஓட்டுகிறவர். பிப்ரவரியில் வேப்பம்பட்டுக்கு முன்னால் ஒரு பெண் தண்டவாளத்துக்கு வந்துவிட்டாள். பிரேக் போட்டார். அவ்வளவு பெரிய வண்டி உடனே நிற்குமா? அதிலிருந்து அவரை ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 19

தூக்கத்தில் கத்துவது நின்றுவிட்டது. காலையில் சட்டென்று எழாமல், அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அம்மா சொன்னபடி கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுகிறார். கீழே சுக்கும் தள்ளாடிக்கொண்டு எழுகிறது. நன்றாகத்தான் போகிறது — எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

"இப்பல்லாம் நல்லாத் தூங்குறீங்க" என்றேன்.

"அவ வர்றதில்ல நிவே."

"யாரு?"

"அந்தப் பொண்ணு. மாத்திர போட்டதுலருந்து கனவுல வர்றதே இல்ல. பேரு கூடத் தெரியாது. கடசியா பாத்தவன் நான். நானும் மறந்துட்டா அவளுக்கு யாரு கீறாங்க?"

நான் என்ன பதில் சொன்னேன்? காபி ஆறுது என்றேன். சீ.

ஜூலை 15

மறுபடி கத்தல். ஒரு வாரமாக மாத்திரை போடவில்லையாம், அவரே சொல்கிறார். வேண்டுமென்றேதான் நிறுத்தினாராம்.

செத்துப்போனவளுக்குத் துணை வேணுமாம். உசுரோட நான் ஒருத்தி பக்கத்துலயே கீறேனே, எனக்கு? இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். சுக்கு கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது.

ஜூலை 18

சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். அவரே எடுத்துச் சாப்பிட்டார்.

ஜூலை 24

நேற்று படுக்கும்போது யாரையும் கேட்காமல் பழைய அளவையே முழுசாகப் போட்டிருக்கிறார். காலையில் எழுந்தவர் பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். நெற்றியில் தையல். டாக்டர் அம்மா என்னைத்தான் திட்டினார். "நடுவுல விட்டா மறுபடி சின்ன அளவுலருந்துதான் ஆரம்பிக்கணும். தெரியாதா உங்களுக்கு?"

வரும் வழியில், "உனக்காகத்தான் போட்டேன்" என்றார். சந்தோஷப்பட முடியவில்லை.

ஆகஸ்ட் 9

சுக்கு போய்விட்டது. சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது. மாத்திரையால் இல்லை, வயசு என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் மடியில்தான் போனது.

ஆகஸ்ட் 10

கோவில்பதாகை ஏரிப் பக்கம் புதைத்தோம். குழியை மூடிவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். நாய்க்கென்றுதான் முதலில் நினைத்தேன்.

"பச்ச சுடிதார் நிவே. திரும்பி என்னப் பாத்தா. நான் ஹாரன் அடிச்சேன். அடிச்சிகினே இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

இதுவரை என்னிடம் இவ்வளவு சொன்னதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவையெல்லாம் மண்.

ஆகஸ்ட் 11

மாத்திரையை என் கண்முன்னால் போட்டார். சின்ன அளவு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

"வேப்பம்பட்டு வரிக்கும் போய்ட்டு வரலாமா?" என்று அவராகக் கேட்டார். ஆவடியில் டிக்கெட் வாங்கி, மற்றவர்களைப் போல ஏறினோம். திருநின்றவூர் தாண்டியதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை. இறங்கி, பிளாட்பாரக் கோடி வரை நடந்தோம்.

"அவ நெனப்பு கீது. கனவு வந்தாத்தான்னு இல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு எழுதிக் குடுத்துடப் போறேன். இனி வண்டி வேணாம். ஆபீஸே போதும்."

கல்யாணம் ஆன நாளாக ரயிலைத் தவிர வேறெதையும் பேசாத மனுஷர். சரி என்றேன்.

திரும்பும் வண்டி தூரத்தில் தெரிந்தது. கூட்டம் முன்னால் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வண்டி நிற்கிறவரை விடவில்லை.