காற்று வேகம் பிடித்தது

என்னவருக்கு,

மகளின் மூச்சிரைப்புக்காக அவளோடு நீங்கள் ஊர் மாறி இரண்டு வருடமாகிறது. நான் வானிலை அலுவலக மொட்டைமாடியில் காற்றை அளந்தபடி இங்கேயே இருந்துவிட்டேன். வண்டிப்புகை வெயிலை மறைத்தால் தரை சூடேறாது, காற்றும் மந்தமாகிவிடும் என்று அலுவலகக் கூட்டந்தோறும் சொன்னேன். "புகையாவது, காத்தைத் தடுக்கிறதாவது" என்று சிரித்தார்கள்.

போன வருடம் நகரப் பேருந்துகளும் வாடகைக் கார்களும் மின்சாரத்துக்கு மாறின. இந்தக் கோடையில் புகை குறைந்து, பிற்பகல் காற்று நன்றாக வேகம் பிடித்திருக்கிறது. என் அளவுகளைப் பார்த்த மேலதிகாரி, "நீங்க சொன்னதுதாம்மா சரி. மிச்ச வண்டிகளையும் மாத்தச் சொல்லி எழுதிட்டேன்" என்றார்.

மகளின் அறை ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். பழைய பள்ளியில் விசாரித்தேன், அவளுக்கு இடம் இருக்கிறதாம். உங்கள் சட்டைகளுக்கு அலமாரியில் பாதியைக் காலி செய்துவிட்டேன்.

ஜெயித்த கர்வத்தோடு,
உங்கள் வீட்டுக்காரி