தூத்தூர் வரைக்கும் ஒரே மிதி

மாப்ள,

இன்று மத்தியானம் சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். செயினில் காய்ந்த உளுந்து நெற்று ஒன்று சிக்கியிருந்தது. விரலால் எடுத்து நசுக்கினேன். வெயிலும் புழுதியும் லேசான பச்சையுமாக ஒரு வாசனை வந்தது. துடைக்கிற துணியை அப்படியே கீழே போட்டுவிட்டேன். உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியபோதுகூட நீ இவ்வளவு பக்கத்தில் வரவில்லை. அங்கே உன் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதிலேயே என் கவனமெல்லாம் போய்விட்டது.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்க்கதை. நேராக விஷயத்துக்கு வந்தால் நான்தான் எழுதினேன் என்று நீ நம்ப மாட்டாய்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத நீ என்னிடம் வந்தாய். மாடிப்படி ஏறி வந்த நான் மூச்சு வாங்கிக்கொண்டு பேனாவைத் தேடினேன். "என்னாங்க, பதினாலு படிக்கே பத்திர எழுத்தருக்கு உசுரு போவுது? எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாய். வாரம் முழுக்க ரூட் பஸ் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் சக்கரத்தின்மேலேயே உட்காருகிற மனிதன் நீ. முதல் பூசை முடிந்ததும் மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அடுத்த மாதமே திருச்சிக்குக் கூட்டிப்போய் எனக்கும் ஒரு கியர் சைக்கிள் வாங்க வைத்தாய். அந்த இறுக்கமான டவுசரைப் போட்டுக்கொண்டு நான் முதல்முறை தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நிறைய நாள் திறக்கவில்லை.

நமக்கு ஒரே வழிதான். அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கீழப்பழுவூர். அங்கே டீ. பிறகு திருமானூர். அங்கே எல்லோரும் பாலம் ஏறித் தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள், நாம் மட்டும் பாலத்துக்கு முன்பே கிழக்கே திரும்பி ஆற்றோடு போவோம். வலப்பக்கம் கொள்ளிடம், மணலும் நாணலும் நடுவில் இத்தனூண்டு தண்ணீருமாகக் கிடக்கும். அக்கரைத் தென்னைகள் மேல் அப்போதுதான் வெயில் ஏறும். ஏலாக்குறிச்சி மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் ஒரு கையை எடுத்துச் சிலுவை போடுவாய். ஏதோ திரும்பப்போகிறாய் என்று நினைத்துப் பின்னால் வரும் நான் இரண்டு தடவை கரும்புக்குள் இறங்கியிருக்கிறேன். அப்புறம் தூத்தூர். நீ ஒரே மூச்சில் போய்விடுவாய். எனக்கு மூன்று இடத்தில் கால் ஊன்றவேண்டும். அரியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தால் நாலு. "ரயிலு இல்லாத பெரம்பலூர்க்காரன், பாத்துட்டு வரட்டும்" என்று கேட் திறக்கும்வரை என் சொந்த ஊரைச் சொல்லிக் கேலி செய்துகொண்டே நிற்பாய்.

அந்த ஆற்றங்கரை ரோட்டில்தான் முண்டாசு அக்காவைப் பார்த்தேன். பங்குனி மாசம். வயலில் பிடுங்கிய உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறினால் நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். நான் ஓரத்து மண்ணில் இறங்கி நாகரிகமாகப் போகப் பார்த்தேன். துண்டை முண்டாசாகக் கட்டிய ஓர் அம்மாள் குச்சியோடு வந்து மறித்தாள்.

"எங்க ஓரமாப் போறீங்க? டிரைவர் தம்பி மேலதான ஏறுது, பாருங்க!"

நீ ஏற்கெனவே உளுந்துக்கு மேலே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாய். பஸ்ஸில் வரும்போது ஒதுங்காமல், செடிக்கு மேலேயே நிதானமாக ஏற்றிப்போகிற டிரைவர் நீ ஒருத்தன்தானாம். நீ கீழப்பழுவூரைத் தாண்டிவிட்டாயா என்று போனில் கேட்டுத்தான் பரப்பவே ஆரம்பிப்பார்களாம்.

"அக்கா, இது சைக்கிளு. டயரு வெரல் தண்டிதான் இருக்கு" என்றேன்.

"டயரு மெலிசுதான். ஆளு கனமாத்தான இருக்கீங்க? ஏறி மிதிங்க. நாலு தடவ போயிட்டு வாங்க. ஆமா, வூட்ல வேட்டி இல்லியா, இப்புடி வந்திருக்கீங்க?"

மிதித்தேன். சார்பதிவாளர் ஆபீஸே எழுந்து வணக்கம் சொல்லும் மனிதனான நான் ரோட்டில் உளுந்து உடைத்தேன். நீ ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனிக்கும் அந்த அக்காவுக்கு நாம் இரண்டு பேரும் கூலியில்லாத வேலையாட்கள்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். திருச்சிக்குப் போய் வந்தாய். அப்புறம் போவதை நிறுத்திவிட்டாய். ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய்: "நாயித்துக்கெழமை நீ போயிட்டு வா மாப்ள. ரோடு எப்புடி இருக்கு, ஆத்துல தண்ணி வருதா, என்னா போட்டிருக்காங்க, எல்லாத்தயும் வந்து சொல்லு."

ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான். நான் இரண்டு ஞாயிறுதான் போனேன்.

முழங்கால் வலி என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் முன்னால் மஞ்சள் பனியன் போட்ட அந்த முதுகு இல்லை. இத்தனை வருஷமும் நான் வழியையா பார்த்து ஓட்டினேன்? உன் முதுகைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறேன். மூன்றாவது ஞாயிறு கேட்டிலேயே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஸ்டேஷன் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு எட்டரை மணிவரை உட்கார்ந்திருப்பேன். குழாயடியில் முகத்திலும் பனியனிலும் தண்ணீரை அடித்துக்கொள்வேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் மூச்சிரைக்க உன் வீட்டுக்குள் நுழைவேன். காபி கொண்டுவந்த தங்கச்சி, உன் பெண்டாட்டிதான், ஒருநாள், "என்னண்ணே, முன்னால நனைஞ்சிருக்கு, முதுகு காஞ்சில்ல கெடக்கு?" என்றது. எதிர்க்காற்று என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நிலத்தைப் பார்க்காமலே பத்திரத்தில் நான்கெல்லை எழுதிப் பழகிய கைக்கு ஆற்றைப் பார்க்காமல் ஆறு சொல்வதா கஷ்டம்? நாரை இறங்கியது என்றேன். கரும்பு வெட்டுகிறார்கள் என்றேன். தூத்தூர்க்காரர் ஒருவர் உன்னை விசாரித்ததாகச் சொல்லி, அவருக்கு ஒரு மீசையும் வைத்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாரைகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஓலையை உன் தலைமாட்டில் செருகியிருந்தார்கள். "ரோடு எப்புடி மாப்ள?" என்றாய், குரல் பாதிதான் வந்தது.

"சும்மா கண்ணாடி மாதிரி கெடக்கு. ஒரு தடங்கல் கெடையாது. தூத்தூர் வரைக்கும் ஒரே மிதி!"

"உளுந்து?"

"ஒண்ணும் இல்லியே."

"சரி" என்றாய்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. பங்குனி. அந்த ரோட்டில் உளுந்து கிடக்காத பங்குனி உண்டா? அங்கே போகாதவன் மட்டுமே சொல்லக்கூடிய பொய் அது. அடுத்த ஞாயிறு வந்தபோது பொய் சொல்ல ஆள் இல்லை.

ஒரு வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். சாகக் கிடந்தவனை ஏமாற்றினோமே என்பது ஒரு பக்கம். அவனுக்குத் தெரிந்துபோயிற்றே, மனசு கசந்துதானே போயிருப்பான் என்பதுதான் உறங்கவிடவில்லை. உன் 'சரி'யை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா? ஒவ்வொரு விதத்திலும் நான்தான் மாட்டினேன்.

இன்று காலை கிளம்பிவிட்டேன். கேட்டில் நின்றேன், கீழப்பழுவூரில் நின்றேன், திருமானூர்த் திருப்பத்தில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்தே விட்டேன். ஆற்றங்கரையில் உளுந்து கிடந்தது. முண்டாசு அக்கா குச்சியோடு நின்றாள்.

"வாங்க எழுத்தரே! ஒரு வழியா வந்துட்டீங்களா?"

அக்காவிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று, "அக்கா, அவன் படுத்திருந்தப்ப ரெண்டு வாரத்துக்கு மேல நான் இந்தப் பக்கமே வரல. வந்தேன் வந்தேன்னு அவன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"அது தெரியாதாக்கும்! வாராவாரம் தம்பி போன் பண்ணும்ல? 'எழுத்தன் வந்தானாக்கா?'ன்னு கேக்கும். வரலன்னு நான் சொன்னா, 'சரி, நீ சொல்லு'ன்னு ஆத்துத் தண்ணியிலேருந்து அத்தனையும் கேட்டுக்கும்."

"அப்பறம் எதுக்கு என்னையும் கேட்டான்?"

"நெசத்த என்கிட்ட கேட்டுக்கிச்சு. பொய்யக் கேக்கறதுக்கு ஒங்கள விட்டா யாரு? கடைசியா ஒருநா போன் போட்டு, 'அக்கா, கண்ணாடி மாதிரி கெடக்காம் ரோடு'ன்னுச்சு. நான் உளுந்து மேல நின்னுட்டிருக்கேன்! சிரிக்குது சிரிக்குது, இருமல் புடிச்சிக்கிச்சு. 'எழுத்தன்கிட்ட சொல்லிப்புடாதக்கா, சொல்லிட்டா அடுத்த வாரம் வரமாட்டான்'னுச்சு."

நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அக்கா கொஞ்ச நேரம் விட்டாள். கொஞ்ச நேரம்தான்.

"போதும். வெயிலு ஏறுதுல்ல? ஏறி மிதிங்க. தம்பி பங்கையும் சேத்து எட்டு தடவ."

எட்டுத் தடவை மிதித்தேன், மாப்ள. டயருக்கடியில் நெற்று படபடவென்று வெடித்தது. முன்னால் யாரும் இல்லை. ஓட்ட வந்தது.

அந்த நெற்றுதான் இது. செயினை இன்னும் துடைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். உனக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒரு வருஷம் பாக்கி. எனக்குத் தெரிந்த மாதிரி எழுதிவிடுகிறேன்:

வடக்கில் வெட்டாத கரும்பு. தெற்கில் கொள்ளிடம், தண்ணீர் கணுக்காலளவு. மேற்கில் மாதா கோயில் கோபுரம். கிழக்கில் தூத்தூர் போகும் வழி. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட ரோட்டில் உளுந்து கிடக்கிறது. நேரில் போய்ப் பார்த்து எழுதியது. நாரை மூன்றே மூன்று.

மற்றபடி ரோடு கண்ணாடி மாதிரி, மாப்ள. எங்கேயும் கால் ஊன்றவில்லை. தூத்தூர் வரைக்கும் ஒரே மிதி.