ஏரியில் மூழ்காத லம்ஹோட்

மார்ச் 4

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கடையைத் திறந்தேன். இருமல் மருந்துக்குத்தான் கூட்டம். நடுவில் என் அண்ணன் சஹாலா வந்தார். மருந்து வாங்க இல்லை.

மலைமேல் நம் குலத்துக்குக் கல் மண்டபம் எழுப்பப் போகிறார்களாம். ஜூலையில் எலும்பெடுப்பு. பழைய கல்லறைகளைத் திறந்து எல்லார் எலும்பையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். யார் யாருக்குப் பிள்ளை, எந்தக் கிளை எங்கே போனது என்று வம்சாவளியைத் திருத்தி எழுத ஆள் தேவை.

"நீதான் செய்யணும். எனக்கு யாரு பேரு கேட்டாலும் தலை சுத்துது."

"பொம்பளை எழுதினா பெரியவங்க ஒத்துக்குவாங்களா?"

"மண்டபக் குழுத் தலைவன் நான். எவன் கேக்குறான் பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தியிருப்பார். ராத்திரி என் வீட்டுக்காரர் பின்சாரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் சும்மா எதையும் கொடுக்க மாட்டானே"ன்னு சோத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். மச்சானைப் பற்றி அவர் எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 19

சர்ச் பதிவேட்டில் தாத்தாவின் தம்பியைத் தேடினேன். லம்ஹோட். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை: கல்யாணம் ஆகும் முன்பே படகு கவிழ்ந்து தோபா ஏரியில் மூழ்கிப் போனவர். உடலே கிடைக்கவில்லை. ஏரி நடுவில் இருக்கும் சாமோசிர் தீவுக்குப் படகில் போகும்போதெல்லாம் அப்பா என் கையில் ஒரு பிடி அரிசி கொடுப்பார். "சின்னத் தாத்தாவுக்குப் போடு." போடுவேன். என் பிள்ளைகளையும் போட வைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இறப்பு இல்லை. கிசாரன் சபைக்கு மாற்றம் என்று இருக்கிறது.

மார்ச் 20

மூழ்கிச் செத்த மனுஷன் எதுக்கு ஊர் மாத்திக்கிட்டுப் போகணும்?

ஏப்ரல் 8

கிசாரன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே சபையில் விசாரித்ததும் இடத்தைக் காட்டினார்கள்.

ரப்பர் தோட்டத்தை ஒட்டி மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. உள்ளே உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அச்சு அசல் என் அப்பா. அதே நெற்றி, அதே காது மடல். லம்ஹோட்டின் மகன் மரோலோப். எனக்குச் சித்தப்பா முறை. இப்படி ஒருத்தர் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

லம்ஹோட் தோட்டத்து வேலைக்குப் போய், கூலிக்கு வந்த ஜாவாக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். அவளுக்கு நம் குலப்பெயர் கொடுக்கத் தாத்தா மறுத்துவிட்டார்.

"சின்ன வயசுல எங்கப்பா என்னை உங்க ஊரு பாலிகேக்குக் கூட்டிட்டு வந்தாரு," என்றார் சித்தப்பா. "பஸ்ஸை விட்டு எறங்கினதோட சரி. பெரியப்பா, அதான் உன் தாத்தா, வழி மறிச்சுட்டாரு. என் தம்பி செத்து ரொம்ப நாளாச்சு, நீ யாருன்னு கேட்டாரு. பக்கத்துல ஒரு பையன் நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தான்."

அந்தப் பையன் என் அப்பா. வேறு யாராக இருக்க முடியும்?

சித்தப்பாவின் மகன் போல்தாக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இத்தனை வருஷமா இல்லாத உறவு இப்ப என்னத்துக்குக்கா?"

"குலத்துல உங்க பேரை எழுதணும்பா."

"எழுதினா?"

"எழுதினா நாம ஒண்ணு."

சித்தப்பா அழுதுவிட்டார். அவன் அழவில்லை.

ஏப்ரல் 9

அண்ணனிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "நல்ல காரியம் பண்ணினே. வரச் சொல்லு. லம்ஹோட் தாத்தா எலும்பையும் நம்ம மண்டபத்துல வைப்போம்" என்றார்.

எவ்வளவு பெரிய மனசு.

மே 13

இன்று சித்தப்பாவும் போல்தாக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் வாசலுக்கே ஓடிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பன்றி வெட்டினோம். மீன் குழம்பு நான் வைத்தேன். அம்மா மட்டும் தலைவலி என்று உள்ளேயே படுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் எலும்பெடுப்புச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சித்தப்பா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். "ருமோண்டாங்கைக் கூப்பிடுங்க, படிச்சுச் சொல்லட்டும்" என்று அவர் என் பேரைச் சொன்னது அடுப்படி வரை கேட்டது. குழம்புச் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மஞ்சள். "அவளுக்கு வேலை கிடக்கு சித்தப்பா, எல்லாம் வழக்கமா எழுதுறதுதான்" என்றார் அண்ணன். போல்தாக் வெளியே புகை பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவ கூட்டிட்டு வந்த இடம். எனக்கென்ன பயம்?" என்று சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.

நல்ல நாள்.

ஜூன் 10

போல்தாக் போன் பண்ணினான். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அந்தப் பத்திரத்தின் நகலை இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தானாம். லம்ஹோட்டுக்கு வாரிசு கிடையாது, மரோலோப் அவர் எடுத்து வளர்த்த பிள்ளை, ஏரிக்கரை வயலில் எந்த உரிமையும் கோர மாட்டேன் — இப்படி எழுதியிருக்கிறதாம்.

"உங்களை நம்பித்தானேக்கா கையெழுத்துப் போட்டாரு. சொந்த அப்பாவை வளர்ப்பு அப்பான்னு எழுதி வாங்கிட்டீங்களே."

"எனக்குத் தெரியாதுப்பா."

"அடுப்படியிலதானே இருந்தீங்க? எட்டிப் பாக்கலையா?"

ஜூன் 11

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை.

"வயல் தாத்தா பேர்லயும் லம்ஹோட் பேர்லயும் இருக்கு. ஓட்டல் கட்ட வாங்குறவன் லம்ஹோட் வழியில ஒரு கையெழுத்து வேணும்னுட்டான். அவர் கிசாரன் போனது எனக்குத் தெரியும், அப்பா சொல்லியிருக்காரு. அங்க இப்ப யாரு இருக்காங்கன்னுதான் தெரியல. நான் போய்க் கேட்டா சொல்வாங்களா? நீ போனே, சொன்னாங்க."

"அதுக்குத்தான் என்னை எழுதச் சொன்னீங்களா?"

"எழுதவும்தான்."

வம்சாவளி, கல் மண்டபம், நல்ல காரியம் பண்ணினே... சீ. நாய்க்கு மோப்பம் காட்டி விடுற மாதிரி விட்டிருக்கான் என்னை. நானும் வாலாட்டிக்கிட்டே ஓடியிருக்கேன்.

அம்மா அறைக்குள் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உனக்கும் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அப்ப அந்த அரிசி? என் கையில கொடுத்து, என் புள்ளைங்க கையில கொடுத்து..."

"உங்கப்பாவுக்கு அதுல ஒரு நிம்மதி. விட்டுடு. நீ வேற வீட்டுக்குப் போனவ, எங்க கதையை ஏன் கிளறுறே?"

எங்க கதையாம்.

ஜூன் 12

கடை திறக்கவில்லை.

ஜூன் 24

கிசாரன் போனேன். சித்தப்பா கடைக்கு உள்ளே போய்விட்டார், வெளியே வரவே இல்லை. போல்தாக்கிடம் மட்டும் சொன்னேன்: வழக்குப் போடு, சர்ச் பதிவேட்டில் பார்த்ததையும் அண்ணன் வாயால் கேட்டதையும் கோர்ட்டில் வந்து சொல்கிறேன்.

"உங்க அண்ணனுக்கு எதிராவா?"

"ஆமா."

"பாப்போம்" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

ஜூலை 7

எலும்பெடுப்பு. போகக்கூடாது என்றிருந்தேன். மகள் தலையில் வைத்துத்தான் தகப்பனைக் கொண்டு போக வேண்டும், எனக்கு அக்கா தங்கை யாரும் இல்லை.

மண்டையோட்டை மஞ்சள் நீரில் கழுவினேன். கூடையைத் தலையில் ஏற்றினார்கள். மேளம் முழங்க மலை ஏறினோம். அப்பாவுக்குக் கனமே இல்லை. வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன் — பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற அந்தப் பையனைப் பார்த்தீங்களே, வீட்டுக்கு வந்து என்ன சோறு சாப்பிட்டீங்க? என்ன தூக்கம் தூங்கினீங்க? யாரோ பக்கத்தில், "பாசக்காரப் பொண்ணு, எப்படி அழுறா பாரு" என்றார்கள்.

லம்ஹோட்டுக்கு ஒதுக்கிய மாடம் காலி. சித்தப்பா எலும்பைத் தர மறுத்துவிட்டார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

செப்டம்பர் 20

சாட்சி சொன்னேன். அண்ணனின் வக்கீல், குடும்பச் சொத்தில் பங்கு கிடைக்காத கோபமா அம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்ததும் அண்ணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இனிமே நல்லது கெட்டதுக்கு வராதே."

பின்சார் பைக்கைக் கிளப்பினார். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே பெரிது.

அக்டோபர் 14

சர்ச்சில் அம்மா அண்ணன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கும்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 29

வயலை விற்கத் தடை. தீர்ப்பு வர இன்னும் நாளாகும்.

நவம்பர் 3

கடையில் இருக்கும்போது போல்தாக்கின் போன். அவன் மகளுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டார் முறை பார்க்கிறவர்கள்.

"எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்லக்கா. அத்தை முறைக்கு நிக்க ஆள் வேணும்."

மருந்து கேட்டு நின்றவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.

"அப்பாதான் கேக்கச் சொன்னாரு. கோபம் தீர்ந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க. தீரல."

"சரிப்பா."

"வருவீங்களா?"

"எப்ப?"

தேதியைச் சொன்னான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அப்புறம், "முதல் நாளே வந்துடுங்க அத்தை"ன்னு போனில் அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல். கல்யாணப் பெண்ணாக இருக்கும். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.